வார்னிஷ் காயும் திசை

காயில்காரருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. ரேடியோவில் மணி சொன்னால் தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்காரரைக் கேட்பார். அவர் பட்டென்று பதில் சொல்லிவிட்டால், "இவன் எதுக்கு இவ்வளவு வேகமாச் சொல்றான்?" என்று அதற்கும் ஒரு சந்தேகம்.

எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகின கம்பியை அறுத்து எடுத்து, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றிக் கட்டித் தருவது அவர் தொழில். நாற்பத்தாறு வருஷமாக ஒரே கடை, ஒரே ஸ்டூல். அவருடைய பெயர் அவர் பெண்டாட்டிக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவர் காயில்காரர்.

அந்தக் கடைக்கு ஒரு நாள் கல்லூரியிலிருந்து ஒரு அம்மா வந்தார். பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவராம். காயில்காரர் கடைக்கு வாராவாரம் வந்துகொண்டிருந்து இறந்துபோன பேராசிரியரிடம் படித்து, அதே வகுப்பறையில் இப்போது பாடம் நடத்துகிறவராம். அச்சடித்த அட்டை ஒன்றை நீட்டினார்.

"சார் நினைவுக் கூட்டம் ஐயா. சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு. நீங்க அவசியம் வரணும். சார் உங்களைப் பத்திப் பேசாத வருஷமே இல்ல."

"என்னைப் பத்தியா? வகுப்புலயா?"

"ஆமாங்கய்யா. ஒவ்வொரு வருஷமும்."

அந்த அம்மா போய்விட்டார். காயில்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வகுப்பில், அத்தனை பிள்ளைகள் முன்னால், ஒவ்வொரு வருஷமும் தன்னைப் பற்றிப் பேச அந்த மனுஷனுக்கு என்ன இருந்திருக்கும்? ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். அந்தப் பொய்.

வீட்டில் வந்து அட்டையை மேசையில் போட்டார்.

"நான் போகல."

"ஏன்?" என்றாள் பெண்டாட்டி.

"படிச்சவங்க கூட்டம். என்னைக் கூப்பிட்டு நடுவுல உட்கார வச்சுச் சிரிக்கப் போறாங்க."

"பதினஞ்சு வருஷம் வாராவாரம் வந்து உங்க மூஞ்சியையே பார்த்துட்டு இருந்த மனுஷன். அவர் போன அன்னிக்கு அவர் வீட்டு வாசல் வரைக்கும் போயிட்டு உள்ள போகாமத் திரும்பி வந்தீங்க. இதுக்கும் போகலன்னா நல்லாவா இருக்கு?"

"உனக்குத் தெரியாது."

"எனக்கு எதுதான் தெரிய விட்டீங்க? போயிட்டு வாங்க. கடிச்சுத் துப்பிடவா போறாங்க?"

நடந்தது இதுதான்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் பேராசிரியர் எரிந்துபோன மேசை விசிறி ஒன்றைக் கொண்டுவந்தார். "நாளைக்கு வாங்க" என்றார் காயில்காரர். "இருந்து பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒரு கவிழ்த்த டப்பாவின் மேல் உட்கார்ந்துகொண்டார் அவர். சட்டைப் பையிலிருந்து நோட்டு ஒன்றை எடுத்தார். ஏன் இந்தப் பக்கமாகச் சுற்றுகிறீர்கள், ஏன் இத்தனை சுற்று, காகிதத்தை ஏன் முதலில் மடிக்கிறீர்கள், கம்பியை இறுக்கும் குச்சியை ஏன் கடைசியில் செருகுகிறீர்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். விசிறி சரியாகிப் போய்விட்டது. அடுத்த வியாழக்கிழமை, கையில் ஒன்றும் இல்லாமல் மறுபடி வந்து அதே டப்பாவில் உட்கார்ந்தார்.

காயில்காரருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. வேலை இல்லாமல் ஒருத்தன் கடையில் உட்காருவானா? மச்சான் மருமகன் யாருக்காவது கடை வைத்துக் கொடுக்கத் தொழில் பார்க்கிறானோ? அரசாங்கத்துக்கு எழுதிப் போடுகிறானோ? மூன்றாவது வியாழக்கிழமை, ஒரு முடிவுக்கு வந்தார். இவனுக்கு ஒரு பொய்யைக் கொடுத்துப் பார்ப்போம். அது எந்தக் கடையிலிருந்து திரும்பி வருகிறதோ, அந்தக் கடை ஆள்தான் இவன்.

"சாரே, உங்களுக்குன்னு ஒண்ணு சொல்றேன். வெளியில விட்டுடாதீங்க."

பேராசிரியர் பேனாவைத் திறந்தார்.

"மோட்டாரைக் கட்டி முடிச்சு வார்னிஷ்ல முக்கி எடுக்கிறோம் பாருங்க, அது காயும்போது தெற்கு வடக்காப் படுக்க வைக்கணும். கிழக்கு மேற்கா வச்சா மோட்டார் இரையும். காலத்துக்கும் இரையும்."

வாய்க்கு வந்ததுதான். ஆனால் சொன்ன பிறகு அவருக்கே அது நன்றாக இருப்பதாகப் பட்டது. பேராசிரியர் ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார். அடிக்கோடும் போட்டார்.

அந்தப் பொய் எந்தக் கடையிலிருந்தும் திரும்பி வரவில்லை. பேராசிரியர் மட்டும் வாராவாரம் வந்தார். சில சமயம் விசித்திரமான கேள்விகள் கேட்பார். "வார்னிஷ் எத்தனை தரம் முக்குவீங்க?" என்பார். அடுத்த வருஷம், "காயுற பெட்டிக்குள்ள சூடு எவ்வளவு இருக்கும்?" என்பார். அதற்கெல்லாம் முன்னால், நாலாவது வாரம், சுவரோடு ஆணியடித்து வைத்திருந்த தகரப் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "இதை எப்பவாவது கழட்டி வேற இடத்துல வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். உள்ளே குண்டு பல்பு எரிகிற பெட்டி அது. அதில்தான் மோட்டார்கள் காயும். "அதை ஏன் சார் கழட்டணும்? கடை திறந்த நாள்லேருந்து அங்கதான் இருக்கு" என்றார் காயில்காரர். "சரிதான், சரிதான்" என்று தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார் அவர்.

வருஷங்கள் போயின. "அன்னிக்குச் சொன்னது சும்மா சார்" என்று சொல்லிவிடலாம் என்று எத்தனையோ வியாழக்கிழமை வாய்வரை வந்தது. இத்தனை நாள் கழித்துச் சொன்னால் ஏன் என்று கேட்பாரே! கேள்வி கேட்பதில் அந்த மனுஷன் அட்டைப்பூச்சி மாதிரி, ஒட்டினால் விடமாட்டார். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டதில் ஆளே போய்விட்டார்.

சனிக்கிழமை, துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு காயில்காரர் போனார். தெரிந்துகொண்டே ஆக வேண்டும், அவ்வளவுதான். அவர் கண்டுபிடித்துவிட்டாரா, இல்லையா? கண்டுபிடித்து ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாரா? கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். எழுந்து போவதென்றால் சுலபம்.

மேசை மேல் பேராசிரியரின் படம். ஒவ்வொருத்தராக வந்து பேசினார்கள். செத்தவரைப் பற்றி எவன் குறை சொல்வான் என்று காயில்காரர் காதை அரைகுறையாகத்தான் கொடுத்தார். ஆனால் பேசியவர்கள் நல்லவர், வல்லவர் என்றெல்லாம் அளக்கவில்லை. ஒரு தலை நரைத்த இன்ஜினியர் சொன்னார்: "சாருக்குப் பதில் தெரியாத கேள்வியை யார் கேட்டாலும், அவங்க அன்னிக்கு சார் நாற்காலியில உட்காரலாம். சார் இறங்கி வந்து பெஞ்சில உட்காருவார். நான் மூணு வருஷத்துல ஒரு தரம்தான் உட்கார்ந்தேன். என் கல்யாணத்தன்னிக்குக்கூட நான் அப்படி உட்கார்ந்ததில்ல."

கூட்டம் சிரித்தது. இன்னொருத்தர் எழுந்தார். பரீட்சை நடக்கும்போது ஒரு ஜன்னல் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்ததாம். சார் ஜன்னலைச் சாத்தவில்லை. அது ஏன் அந்த ஒரு ஜன்னல் மட்டும் ஆடுகிறது என்று ஏணி போட்டு ஏறிவிட்டாராம். "நாங்க எல்லாரும் பார்த்து எழுதிட்டோம். அந்த வருஷம் எல்லாரும் பாஸ்!"

காயில்காரருக்கும் சிரிப்பு வந்தது. கையால் வாயை மூடிக்கொண்டார். அப்புறம் ஒரு யோசனை வந்தது. இவர்கள் சொல்கிற ஆள் டப்பாவில் உட்கார்ந்த அதே ஆள்தானே? கல்லூரியில் ஒரு முகம், கடையில் ஒரு முகம் என்று அவர் வைத்துக்கொள்ளவே இல்லையா? இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிற மனுஷனை அவர் அதுவரை கண்டதில்லை.

கூட்டம் முடிந்ததும் அந்தப் பௌதிக அம்மா நேராக அவரிடம் வந்தார். "ஐயா, ஆய்வுக்கூடத்துக்கு வாங்க. உங்களுக்குத்தான் காத்திருக்கோம்."

வந்தாச்சுடா, என்று நினைத்துக்கொண்டு பின்னால் போனார்.

நீளமான அறை. ஒரு பக்கம் ஜன்னல்கள், மறு பக்கம் கண்ணாடி அலமாரி. அலமாரிக்குள் சின்னச் சின்ன மோட்டார்கள் ஜோடி ஜோடியாக நின்றன. ஒவ்வொரு ஜோடிக்கும் கீழே ஒரு வருஷம் எழுதிய சீட்டு. காயில்காரர் எண்ணினார். பதினான்கு ஜோடி. கட்டு ஒன்றும் பிரமாதமில்லை. சிலது வெறும் கோழிக் கிளறல். ஆனால் எல்லாம் கையால் கட்டியது.

"இது என்னம்மா?"

"உங்க கேள்விதான் ஐயா." அந்த அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது. "தெற்கு வடக்காக் காய வச்சா இரையாது, கிழக்கு மேற்கா வச்சா இரையும். தொழில் தெரிஞ்ச ஒருத்தர் சொன்னார், உண்மையான்னு பாருங்கன்னு ஒவ்வொரு வருஷமும் சார் வகுப்புக்குக் கொடுப்பார். பசங்க ஒரே மாதிரி ரெண்டு மோட்டார் கட்டுவாங்க. ஒண்ணு இப்படி, ஒண்ணு அப்படி. காஞ்சதும் ஓட விட்டு, கண்ணைக் கட்டிக்கிட்டுக் காதால கேப்போம்."

காயில்காரர் அலமாரிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"வித்தியாசம்... வந்துச்சா?"

"இதுவரைக்கும் இல்ல. ஆனா சார் விடல. பாருங்க." தடித்த நோட்டு ஒன்றை விரித்து வைத்தார்.

ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு காயில்காரர் எழுத்துக்கூட்டிப் படித்தார். முதல் வருஷம்: வித்தியாசமில்லை. நாம் ஒரு தரம்தான் முக்கினோம். அவர் எத்தனை தரம் முக்குகிறார் என்று கேட்க வேண்டும். இரண்டாம் வருஷம்: வித்தியாசமில்லை. சூடு போதவில்லையோ? கேட்க வேண்டும். ஐந்தாம் வருஷம்: வித்தியாசமில்லை. நாம் காய வைத்தது மர மேசை. அவருடையது தகரப் பெட்டி. மாற்ற வேண்டும்.

வியாழக்கிழமைக் கேள்விகள் எல்லாம் அங்கே வரிசையாக இருந்தன. தன்னை வேவு பார்க்கிறார் என்று நினைத்தாரே, அந்தக் கேள்விகள். தன் வாயிலிருந்து விழுந்த ஒரு உளறலுக்காக அந்த மனுஷன் பதினான்கு வருஷம் தன் சோதனையிலேயே குற்றம் தேடியிருக்கிறார். காயில்காரருக்குக் காது மடல் சுட்டது.

"கடைசியா என்ன எழுதியிருக்கார் பாருங்கய்யா," என்று அந்த அம்மா விரலால் காட்டினார். "கை மாறினால் வித்தியாசம் வரலாம். அவரையே வந்து வைக்கச் சொல்ல வேண்டும்." பிறகு திரும்பி ஒரு மேசையைக் காட்டினார். வார்னிஷில் முக்கியெடுத்த இரண்டு மோட்டார்கள் ஈரமாக மின்னிக்கொண்டிருந்தன. சுற்றிலும் முப்பது நாற்பது பிள்ளைகள். பேராசிரியரின் மனைவியும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "இந்த வருஷத்து ஜோடி. உங்க கையால வச்சுக் கொடுங்க. இதைத் துறையில சார் பேர்லயே தொடர்ந்து செய்யப் போறோம்."

எல்லாரும் அவர் கையைப் பார்த்தார்கள்.

இரண்டு மோட்டாரையும் எடுத்து ஒன்றை இப்படி, ஒன்றை அப்படி வைத்துவிட்டு ஒரு கும்பிடு போட்டால் தீர்ந்தது. டீ கொடுப்பார்கள். கைதட்டுவார்கள். இன்னும் இருபது வருஷம் இந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள், செத்துப்போன ஒரு நல்ல மனுஷன் பேரில். உண்மையைச் சொன்னால்? இந்த ஊரில் அவருக்கு இருப்பது கைவேலைக்கான பேர் ஒன்றுதான். அதுவும் இந்த மேசை மேலேயே கவிழும்.

ஒரு மோட்டாரைக் கையில் எடுத்தார். வார்னிஷ் விரலில் ஒட்டியது. திரும்ப வைத்துவிட்டார்.

"அம்மா, இதை நிறுத்திடுங்க."

"ஏன் ஐயா?"

"அது பொய்யி."

மேசையை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"நான் அள்ளிவிட்டது. தெற்குமில்ல, வடக்குமில்ல. மோட்டார் இரையுதுன்னா பேரிங் போயிருக்கும், குச்சி தளர்ந்திருக்கும், இல்லாட்டி கட்டினவன் கை சரியில்ல. திசைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சார்கிட்ட வேணும்னே சொன்னேன். அதைப் பொய்னு ஒத்துக்க அப்புறம் எனக்குத் தைரியம் வரல. அவ்வளவுதான். யாராவது திட்டணும்னா இப்பவே திட்டிடுங்க, கடையில வேலை கிடக்கு."

பௌதிக அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. ஒரு பெண் பிள்ளை மெல்ல, "அப்ப நாங்க கட்டினதெல்லாம்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். காயில்காரர் கதவைப் பார்த்தார். இந்தத் தடவை நாற்காலி கதவுக்குப் பக்கத்தில் இல்லை.

"அவருக்குத் தெரியும் அண்ணே."

சொன்னது பேராசிரியரின் மனைவி.

"என்ன தெரியும்?"

"பொய்னு. நாலாவது வாரமே தெரியும். உங்க கடையிலேருந்து வந்தவர் ஒரே குஷி. சட்டைப் பையில திசைகாட்டியைப் போட்டுக்கிட்டுப் போயிருக்கார். 'அந்தப் பெட்டி சுவரோட சேர்த்து ஆணி அடிச்சிருக்கு, அதுக்குள்ள எந்த மோட்டாரும் கிழக்கு மேற்காத்தான் படுக்க முடியும், மனுஷன் தெற்கு வடக்கா ஒண்ணுகூட வச்சதில்ல'ன்னு வந்து சொன்னார்."

காயில்காரர் திகைத்துப்போனார். தன் பெட்டி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று இத்தனை வருஷத்தில் அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. யாரையும் நம்பாதவர், பொய் சொல்வதற்கு முன்னால் சொந்தச் சுவரைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

"தெரிஞ்சுமா இத்தனை வருஷம் இதைச் செஞ்சார்?" என்று பௌதிக அம்மா கேட்டார். குரலில் கோபமும் இருந்தது.

"நானும் அதைத்தான் கேட்டேன். 'சொன்னவர் நம்பலைங்கிறதுக்காக அது தப்புன்னு எப்படி முடிவு பண்றது? பொய் சொல்லப் போய்த் தெரியாம உண்மையைச் சொல்லியிருந்தா?'ன்னார். அப்புறம் அவருக்கே அது பிடிச்சுப்போச்சு. வருஷா வருஷம் பசங்க காதைக் கூர்மையாக்கிக்கிட்டு நிக்கறதைப் பார்க்கணுமே, அதுக்கு ஈடு ஒண்ணுமில்லைன்னுவார்."

நாலைந்து பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். பௌதிக அம்மா சிரிக்கவில்லை. ஆனால் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, பழைய பக்கங்களைப் புதுக் கண்ணோடு புரட்ட ஆரம்பித்தார்.

"ஒண்ணுதான் அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியல," என்றார் மனைவி. "நீங்க ஏன் சொன்னீங்கன்னு. நேராவே கேளுங்களேன்னு எத்தனை தரம் சொல்லியிருப்பேன். 'கேட்டா மறுநாள்லேருந்து கடைப்பக்கம் சேர்க்க மாட்டார், என் டப்பா போயிடும்'னுவார். அவரா ஒரு காரணம் வச்சிருந்தார்."

"என்ன காரணம்?"

"நீங்க அவரைச் சந்தோஷப்படுத்தச் சொல்லியிருப்பீங்களாம். பௌதிகக்காரனாச்சே, காந்தம் திசைன்னு சொன்னா ஆசையாக் கேப்பான்னு, பாவம், அவருக்குன்னு யோசிச்சு ஒண்ணைச் செஞ்சு கொடுத்திருக்கீங்கன்னு. அதைச் சொல்லிச் சொல்லி உருகுவார். அப்படித்தானா அண்ணே?"

'ஆமாம்மா' என்று ஒரு சொல். சொல்லியிருந்தால் அந்த அம்மாவுக்கும் மனசு குளிர்ந்திருக்கும், செத்தவருக்கும் கௌரவம். காயில்காரர் விரலில் ஒட்டியிருந்த வார்னிஷைக் கட்டைவிரலால் உருட்டினார். இன்னொரு பொய்க்கு அவரிடம் தெம்பு இல்லை.

"இல்லம்மா. அவரை எனக்குப் பிடிக்கல. அதான் சொன்னேன்."

"பிடிக்கலையா!"

"நான் சொல்றதை அதுக்கு முன்னாடி யாரும் எழுதினதில்ல. எழுதினா எனக்கு ஆகாது. எழுதுறவன் எதையோ பிடுங்கிட்டுப் போகத்தான் எழுதுவான்னு நெனச்சேன். ஆளைக் கடையை விட்டு ஓட்டணும், இல்ல மாட்டி வைக்கணும். இதுல காந்தமும் இல்ல, பாசமும் இல்ல."

பேராசிரியரின் மனைவி அவரை விழித்துப் பார்த்தார். அப்புறம் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கால் வந்த சிரிப்பு, பிறகு தோள் குலுங்க, கண்ணில் நீர் வர. "ஐயோ, இதை மட்டும் அவர் கேட்டிருக்கணும்! பதினஞ்சு வருஷம் தப்பாக் கணக்குப் போட்டிருக்கார் மனுஷன்! அத்தனை பேரையும் வச்சுச் சோதிச்சார், இந்த ஒண்ணைச் சோதிக்காம விட்டுட்டார்!"

காயில்காரரும் தன்னை அறியாமல் பல்லைக் காட்டினார். பௌதிக அம்மா நோட்டிலிருந்து தலையைத் தூக்கி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் உதட்டோரமும் கொஞ்சம் இளகியது.

பேராசிரியரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "சரி, பிடிக்காத ஆளை எதுக்கு அண்ணே பதினஞ்சு வருஷம் கடையில உட்கார விட்டீங்க?"

"அது... அப்புறம் பிடிச்சுப்போச்சு."

"எப்ப?"

காயில்காரர் விரலை மடக்கி எண்ணப் பார்த்தார். அந்த அம்மா கேட்ட மாதிரி யாரும் அவரைக் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. ஒரு வியாழக்கிழமை பேராசிரியருக்குக் காய்ச்சல், வரவில்லை. அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்குக்கூட ஷட்டரை இறக்காமல், இதோ வந்துவிடுவார் என்று தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. அப்படியானால் அதற்கு முன்னாலேயே பிடித்திருக்க வேண்டும். சுத்தியலை வாங்கிப் பேராசிரியர் தன் விரலிலேயே போட்டுக்கொண்டாரே, அப்போதா? இல்லை, அது ரொம்பப் பின்னால். காகிதத்தை மடிக்கச் சொல்லிக்கொடுத்து, அவர் மடித்தது கோணலாக வந்து, இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்களே, அது காய்ச்சலுக்கு முன்னாலா, பின்னாலா?

பிள்ளைகள் காத்திருந்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"இருங்க," என்றார் காயில்காரர், பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துகொண்டு. "யோசிச்சுச் சொல்றேன்."